கை விறைப்புக்கு நரம்புச் சத்திரசிகிச்சை: பத்து ஆண்டுகளின் பின் அந்தக் கையை யார் பார்ப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெருமூளை வாதத்தால் கை விறைத்து மடங்கியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கைபேசியில் பரவும் காணொளி ஒன்றைக் காட்டி, நரம்பில் சிறியதொரு சத்திரசிகிச்சை செய்தால் கை நீண்டுவிடுமாமே, அது உண்மையா, அதற்கு எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார்கள். திருகோணமலை நகரத்தில் மட்டுமன்றி மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கங்களிலிருந்தும் இக்கேள்வி வருகிறது. இந்தியாவுக்குப் போவதற்காகக் காணியை ஈடு வைப்பது பற்றிப் பேசும் குடும்பங்களும் உள்ளன. இயன்மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், தேடி வருவோருக்குத் தனித்தனியே சொல்லும் பதிலைப் பொதுவில் எழுதுவது பயன்தரும் என்று கருதியே இக்கடிதத்தை அனுப்புகிறேன்.

அந்தச் சத்திரசிகிச்சை பொய்யல்ல. தகுந்த பிள்ளைக்குத் தகுந்த நேரத்தில் செய்தால் அது நல்ல பயனைத் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் காணொளியில் நாம் காண்பது சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களோ மாதங்களோ ஆன கை. ஆறு வயதில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பிள்ளை பதினாறு வயதில் அந்தக் கையால் என்ன செய்கிறது, இருபத்தாறு வயதில் என்ன செய்கிறது என்பதை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை. மருத்துவ ஏடுகளிலும் கையைப் பொறுத்தவரை இதற்கான விடை மெல்லியதாகவே இருக்கிறது. எமது மாவட்டத்திலோ, அந்த விடையைத் தேடுவதற்கான ஏற்பாடே இல்லை. இந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

பெருமூளை வாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு, பிறப்பதற்கு முன்னரோ பிறக்கும் வேளையிலோ பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ ஏற்பட்ட பாதிப்பின் விளைவு. அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஜோன் லிட்டில் இந்நிலையை விரிவாக விவரித்தார். அதனால் நீண்ட காலம் அது லிட்டிலின் நோய் என்றே அழைக்கப்பட்டது. இப்பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குத் தசை விறைப்பே முதன்மையான அறிகுறி. தசையை இழுத்தவுடன் அதனுள் இருக்கும் உணரிகள் முள்ளந்தண்டு வடத்துக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து சுருங்கு என்ற கட்டளை அதே தசைக்குத் திரும்பி வருவது எல்லோருடைய உடலிலும் நடப்பதுதான். அந்தக் கட்டளையை அளவோடு வைத்திருக்க மூளையிலிருந்து இறங்கும் கட்டுப்பாடு இப்பிள்ளைகளில் குன்றிப்போவதால், கடிவாளம் அறுந்த குதிரையைப் போலத் தசை தன் போக்கில் சுருங்குகிறது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு வலுவாக அது எதிர்க்கும். தோள் உடலோடு ஒட்டி உள்நோக்கித் திரும்பும், முழங்கை மடங்கும், முன்கை கவிழும், மணிக்கட்டு உள்ளே வளையும், பெருவிரல் உள்ளங்கைக்குள் புதையும். எமது கிளினிக்குகளில் இந்தத் தோற்றத்தைக் காணாத இயன்மருத்துவர் எவரும் இருக்க முடியாது.

நரம்பின் ஒரு பகுதியை வெட்டி விறைப்பைக் குறைக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. ஜெர்மனியின் அடோல்ப் ஸ்டொஃபெல் 1910களிலேயே, தசைக்குச் செல்லும் இயக்க நரம்பிழைகளில் ஒரு பகுதியை மட்டும் வெட்டும் முறையை எழுதி வைத்தார். காலப்போக்கில் அது பெரிதும் கைவிடப்பட்டது. விறைப்பு திரும்பி வந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. 1983இல் இத்தாலியின் ஜோர்ஜியோ புருனெல்லி அதனை மீண்டும் எடுத்து, நுண்ணோக்கியின் துணையோடு, நரம்பு தசைக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் இழைகளைப் பிரித்து வெட்டினார். விறைப்பு ஏன் திரும்புகிறது என்பதற்கு அவர் முன்வைத்த விளக்கம் இன்றும் ஏற்கப்படுகிறது. வெட்டாமல் விடப்பட்ட நரம்பிழைகள் புதிய கிளைகளை விட்டு, ஆதரவற்றுப் போன தசைநார்களைத் தம்வசப்படுத்துகின்றன. இதனால் தசையின் வலு திரும்புகிறது. அதனோடு விறைப்பும் ஓரளவு திரும்பக்கூடும். பாரிஸில் கரோலின் லெக்லேர்க் வளர்த்தெடுத்த முறையில், ஒவ்வொரு நுண்கிளையும் தசைக்குள் நுழையும் இடத்திலேயே அதன் இழைகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு அகற்றப்படுகிறது. உணர்வு நரம்புகளைத் தொடாமல் தப்புவதற்கும் இந்த இடத் தெரிவே உதவுகிறது. உணர்வு இழைகள் வெட்டுப்பட்டால் மரத்துப்போதலும் எரிவும் வலியும் நீண்ட காலம் தொல்லை தரும்.

இந்தியாவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, அங்கும் இது நேற்று வந்த வைத்தியமல்ல என்று சொல்வது என் வழக்கம். 1998இலேயே ஐதராபாத் நிசாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள், பெருமூளை வாதத்தால் மடங்கிய முழங்கைக்கு இத்தகைய சிகிச்சை செய்து, அதனை ஆரம்பநிலை ஆய்வாக வெளியிட்டனர். ஆரம்பநிலை என்று அவர்களே சொல்லிக்கொண்ட நேர்மையை நான் மதிக்கிறேன். இன்று விளம்பரத்துக்காகக் காணொளி போடுபவர்களிடம் அந்தச் சொல்லைக் கேட்க முடிவதில்லை.

அப்படியானால் நீண்ட காலத்தில் என்ன நடக்கிறது? பிரான்ஸின் லியோன் நகரத்து நிபுணர்கள் 2006இல் 31 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு, கைக்கான இந்தச் சிகிச்சையின் நீண்டகால விளைவைப் பற்றிய முதன்மையான அறிக்கைகளுள் ஒன்று. பாரிஸ் குழுவினரின் அறிக்கைகள் பின்னர் வந்தன. இவற்றை ஒருசேரப் பார்க்கும்போது சில விடயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. விறைப்பு குறைவது உண்மை. சரியாகத் தெரிவு செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குறைவு சில ஆண்டுகளாவது நிலைக்கிறது. தசையின் வலு முதலில் தாழ்ந்து பின்னர் பெருமளவு மீள்கிறது. கை ஓய்வில் இருக்கும் தோற்றம் மேம்படுகிறது, உள்ளங்கையைக் கழுவவும் நகம் வெட்டவும் சட்டைக் கையை நுழைக்கவும் இலகுவாகிறது. ஆனால் கையால் பொருளைப் பிடித்து விடும் திறன், விறைப்பு குறைந்த அளவுக்கு உயர்வதில்லை. சிலருக்கு அது நன்றாக உயர்கிறது, சிலருக்குச் சிறிதளவே உயர்கிறது. சிலருக்கு விறைப்பு திரும்பி வருகிறது அல்லது ஒரு தசை தளர்ந்ததும் பக்கத்திலிருக்கும் இன்னொரு தசையின் விறைப்பு வெளித்தெரிகிறது.

இந்த வேறுபாட்டுக்கான காரணங்கள் பெரும்பாலும் கத்தி வைப்பதற்கு முன்பே பிள்ளையின் கையில் இருக்கின்றன. முதலாவது, நரம்பால் வரும் விறைப்பும் தசையே சுருங்கிக் குறுகிவிட்ட நிலையும் ஒன்றல்ல. நெடுங்காலம் மடங்கியிருந்த தசையின் அமைப்பே மாறிவிடுகிறது. அதனுள் இழையங்கள் தடித்து, நீட்ட முடியாத கயிறாகிவிடுகிறது. சத்திரசிகிச்சையின்போதே தசைநாரின் நுண்ணலகுகளின் நீளத்தை லேசர் ஒளியால் அளந்த ரிச்சர்ட் லீபர் போன்றோரின் ஆய்வுகள், இத்தசைகளின் நுண்ணலகுகள் இயல்பைவிட அதிகம் இழுபட்டு நிற்பதைக் காட்டியுள்ளன. அந்நிலையில் நரம்பை எவ்வளவு வெட்டினாலும் முழங்கை நீளாது. அதற்குத் தசைநாணை நீட்டும் அல்லது இடம் மாற்றும் வேறு வகைச் சத்திரசிகிச்சை வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குறித்த நரம்பை உணர்விழக்கச் செய்யும் ஊசியைப் போட்டுச் சில மணி நேரம் அந்தக் கையைப் பார்ப்பதே அது. ஊசிக்குப் பின் முழங்கை நீண்டால் அது விறைப்பு, நீளாவிட்டால் அது சுருக்கம். அதே வேளையில், எதிர்ப்பக்கத் தசைக்குச் சொந்த வலு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இச்சோதனையைச் செய்யாமலே சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுக்கும் இடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று நான் பெற்றோருக்கு வெளிப்படையாகவே சொல்வேன்.

இரண்டாவது, விறைப்போடு கட்டுப்பாடற்ற முறுக்கு அசைவுகளும் கலந்திருக்கும் பிள்ளைகள் உள்ளனர். ஓய்வில் தளர்ந்தும் பேச முயலும்போதோ பயப்படும்போதோ முறுகியும் நிற்கும் அந்தக் கைக்கு நரம்பு வெட்டுதல் எதிர்பார்த்த பயனைத் தராது. மூன்றாவது, உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு கையில் வைக்கப்பட்டது சாவியா நாணயமா என்று சொல்ல முடியாத பிள்ளைகள் பலர். விறைப்பு முழுவதும் போனாலும், உணராத கையை மூளை எளிதில் வேலைக்கு அழைப்பதில்லை. தாய்மார் இதனைச் சோம்பல் என்று எண்ணிப் பிள்ளையைக் கண்டிப்பதைக் காணும்போதெல்லாம் மனம் வருந்தும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வளர்ச்சி என்ற ஒன்று இருக்கிறது. மூளையின் பாதிப்பு மாறாவிட்டாலும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த தசை ஈடுகொடுப்பதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் பிள்ளை திடீரென்று உயரும்போது, ஐந்து வயதில் பெற்ற பலனில் ஒரு பகுதி கரைந்துபோவதைக் காணலாம். ஆகவே, சத்திரசிகிச்சைக்குப் பின் ஓராண்டில் எடுக்கும் அளவு வளர்ந்தவருக்குப் பெரிதும் போதுமானதாக இருக்கலாம். பிள்ளைக்கு அது போதவே போதாது. வளர்ச்சி நிற்கும் வரை பார்க்காத எந்த அறிக்கையையும் பிள்ளைகளைப் பொறுத்தவரை நீண்டகால விளைவு என்று அழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சீனாவிலிருந்து வந்த செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெற்றோர் அதிகம் விசாரிப்பது அதைப் பற்றித்தான். ஷங்காயிலுள்ள ஹுவாஷான் வைத்தியசாலையில், நல்ல பக்கத்துக் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் ஏழாவது கழுத்து நரம்பை எடுத்து, வாதம் கண்ட பக்கத்தின் அதே நரம்போடு இணைத்தார்கள். 1986இல் கு யூடொங் என்ற நிபுணர் தோள்பட்டை நரம்புக்கூட்டம் அறுந்தவர்களுக்காகத் தொடங்கிய முறையின் தொடர்ச்சி இது. வாதம் கண்டு ஐந்தாண்டுக்கு மேலான 36 பேரை இரண்டாகப் பிரித்து, 18 பேருக்குச் சத்திரசிகிச்சையும் பயிற்சியும், 18 பேருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதம், தலைக்காயம், பெருமூளை வாதம் எனப் பல காரணங்களால் கை முடங்கியவர்கள் அவர்களுள் இருந்தனர். கையின் அசைவுத் திறனை அளக்கும், 66 புள்ளிகள் கொண்ட அளவுகோலில், 12 மாதங்களின் பின் சத்திரசிகிச்சை பெற்றோர் சராசரியாக 17.7 புள்ளிகளும் மற்றோர் 2.6 புள்ளிகளும் முன்னேறியிருந்தனர். இவ்வாய்வு 2018இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் ஏட்டில் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நான் அந்த வேறுபாட்டைச் சிறிதாக மதிக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் முடங்கியிருந்த கைகளில் அது பெரிய மாற்றம். ஆயினும் அது ஒரே இடத்தில் நடந்த ஆய்வு. முடிவு 12 மாதங்களில் எடுக்கப்பட்டது. பங்குபற்றியோர் சிறு பிள்ளைகள் அல்லர். நல்ல கையிலிருந்து நரம்பை எடுக்கும் ஒரு சிகிச்சையை, இருப்பதே அந்த ஒரு நல்ல கை என்ற நிலையிலுள்ள பிள்ளைக்குச் செய்வதற்கு முன், பல முறை யோசிக்கத்தான் வேண்டும்.

விறைத்த தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பயன் மூன்று நான்கு மாதங்களே நிற்கும். ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் பயிற்சியைக் கைவிட்டால் கையின் பாவனை மேம்படுவதில்லை என்பதை, பல ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு தெளிவாக்கியது. நரம்புச் சத்திரசிகிச்சைக்கும் இதே விதிதான்.

விளைவை எதைக் கொண்டு அளப்பது என்பதில் நாம் எமது மண்ணிலிருந்தே சிந்திக்க வேண்டும். வைத்தியசாலைகளில் வழக்கமாகப் பயன்படும் ஆஷ்வொர்த் அளவுகோல், பிள்ளை ஓய்வில் இருக்கும்போது வைத்தியர் கையை நீட்டிப் பார்க்கையில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதையே சொல்லும். 1964இல் வேறொரு நோய்க்கான மருந்தைச் சோதிப்பதற்காக உருவானது அது. அதில் எண் குறைந்ததைக் காட்டிச் சத்திரசிகிச்சை வெற்றி என்று சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை பாடசாலையில் இன்னும் மற்றப் பிள்ளையைக் கொண்டே தண்ணீர்ப் போத்தலைத் திறப்பிக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. 2006இல் சுவீடன் ஆய்வாளர்களின் முன்னெடுப்பில் வெளிவந்த, பிள்ளை அன்றாடம் இரு கைகளையும் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறை இதைவிடப் பயனுள்ளது. அதனைப் பயன்படுத்தக் கருவி எதுவும் தேவையில்லை, தாயிடம் ஒழுங்காகக் கேட்டாலே போதும்.

ஆனால் கேட்கும் கேள்விகளும் எமது வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். முள்ளுக்கரண்டியும் கத்தியும் பிடிப்பதைப் பற்றிய கேள்வியால் இங்கே என்ன பயன்? வலப்பக்கம் வாதம் கண்ட பிள்ளை சோற்றை எந்தக் கையால் பிசைந்து உண்கிறது என்பது எமது வீடுகளில் எவ்வளவு பெரிய விடயம் என்பதை இங்கு வாழ்பவர்களே அறிவார்கள். கலியாண வீட்டில், கந்தூரியில், பாடசாலை மதிய உணவு வேளையில், இடக்கையால் உண்பதற்குக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இடப்பக்கம் வாதம் கண்ட பிள்ளைக்கோ, மலசலகூடத்தில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வதே வளரும் பருவத்தில் முதற்பெரும் கவலையாகிறது. அது குறித்துப் பிள்ளையும் பேசாது, தாயும் பேசமாட்டாள், வைத்தியரும் கேட்கமாட்டார். சாரத்தை இடுப்பில் முடிவது, கிணற்றுக் கயிற்றை மாறி மாறிக் கைபிடித்து இழுப்பது, இடியப்ப உரலைப் பிடித்து அழுத்துவது, தலைமயிரைப் பின்னுவது, துணி பிழிவது, சைக்கிளின் இரு பிரேக்குகளையும் பிடிப்பது, கடற்கரையில் வலையிலிருந்து மீனைக் கழற்றுவது ஆகிய எல்லாமே இரு கை வேலைகள். இவற்றில் எதை இந்தப் பிள்ளை செய்ய விரும்புகிறது என்று சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளையிடமே கேட்டு எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதையே மீண்டும் கேட்டால், எந்த அளவுகோலும் சொல்லாததை அந்தப் பதில்கள் சொல்லும்.

நீண்ட காலம் பின்தொடர்வது வசதி படைத்த நாடுகளுக்கு மட்டுமே இயலும் என்று சிலர் சொல்லக்கூடும். கால்களின் விறைப்புக்காக முள்ளந்தண்டில் பின்புற நரம்பு வேர்களைத் தெரிந்து வெட்டும் சத்திரசிகிச்சையைத் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் வொரிக் பீகொக் 1980களில் செய்யத் தொடங்கினார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களின் நடையைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும், அதன்பின் 1, 3, 10, 20 ஆண்டுகளிலும் அளந்து, 2008இல் அங்குள்ளவர்கள் வெளியிட்டார்கள். இடுப்பிலும் முழங்காலிலும் கிடைத்த அசைவின் பலன் இருபது ஆண்டுகளின் பின்னும் பெரிதும் நிலைத்திருந்தது என்பதை உலகம் அறிந்துகொண்டது அதனால்தான். அக்காலம் அந்நாடு கொந்தளிப்பில் இருந்த காலம். ஆட்சியே மாறிய காலம். அவ்வளவுக்கும் நடுவே சிலர் அதே மனிதர்களைத் தேடிப்பிடித்து மீண்டும் மீண்டும் அளந்திருக்கிறார்கள். கைக்கு அத்தகைய இருபது ஆண்டுத் தொடர் இன்னும் எங்கும் போதிய அளவில் இல்லாதிருக்கையில், அதனை இங்கே தொடங்கக் கூடாது என்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எமது மாவட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். பிள்ளை சிறிதாக இருக்கும் வரை குடும்பநல உத்தியோகத்தரின் கண் அதன் மீது இருக்கிறது, கிளினிக் கொப்பியில் நிறை பதியப்படுகிறது, பயிற்சிக்கு வருகிறது. பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் வருகை குறைகிறது. பிள்ளை நோய்ப் பிரிவிலிருந்து வளர்ந்தோர் பிரிவுக்கு மாறும் வயதில், அதாவது கை மிக வேகமாக மாறும் அதே வயதில், பிள்ளை எவருடைய பட்டியலிலும் இல்லாமல் மறைந்துவிடுகிறது. வெளியூரில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பிய ஒரு பிள்ளையின் தாய், இரவு பஸ்ஸில் பல மணி நேரம் பயணம் செய்து மீள்பரிசோதனைக்குப் போனபோது, அங்கே தனக்குச் சொல்லப்பட்டது எதுவும் விளங்கவில்லை என்றார். அவரிடம் இருந்த பத்திரங்களில் எந்தத் தசையின் நரம்பு, எவ்வளவு வெட்டப்பட்டது என்பது எழுதப்படவேயில்லை. அந்தப் பிள்ளையின் கையை இனி எவர் பார்த்தாலும் எதனோடு ஒப்பிடுவார்? 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் பயிற்சிக்கு வருவது நின்றுபோன பிள்ளைகள் பலர் பின்னர் திரும்பவில்லை. பயிற்சி அளிப்போரிலும் நாட்டைவிட்டுப் போனவர்கள் உண்டு. இவற்றைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நிலைமையாகவே சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது புதிய கட்டடம் அல்ல. திருகோணமலை மாவட்டத்தில் பெருமூளை வாதத்தால் கை பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒரு தொடர் பதிவேடு வேண்டும். அதில் முழங்கையும் மணிக்கட்டும் மெதுவாக நீட்டும்போதும் வேகமாக நீட்டும்போதும் எந்தக் கோணத்தில் தடைபடுகின்றன, உணர்வு எப்படி, இரு கைகளின் பயன்பாடு எந்தப் படியில், பிள்ளை தானே தெரிந்தெடுத்த மூன்று நான்கு வேலைகளில் எது முடிகிறது என்பவை இருக்க வேண்டும். கையின் ஒரே வகை அசைவுகளைக் கொண்ட சிறிய காணொளியும் பெற்றோரின் சம்மதத்தோடு ஆண்டுக்கொரு முறை எடுக்கப்பட வேண்டும். சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தால் எந்த நரம்பின் எந்தக் கிளை, எத்தனை பங்கு என்ற விபரம் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். வளர்ச்சி நிற்கும் வயது வரையாவது, இயலுமானால் இருபத்தைந்து வயது வரை, அது தொடர வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாவட்டப் பொது வைத்தியசாலையும் மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளும் சேர்ந்து ஓராண்டில் சில நாட்களை இதற்கென ஒதுக்கினால், பிள்ளை நோய் நிபுணர், எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர், இயன்மருத்துவர், தொழில்வழி மருத்துவர் ஆகியோர் ஒரே மேசையில் இருந்து பார்க்க முடியும். முன் குறிப்பிட்ட நரம்பு ஊசிச் சோதனையையும், மயக்கமருந்து நிபுணர் உள்ள வைத்தியசாலையிலேயே செய்துவிடலாம். சத்திரசிகிச்சை பயன் தராது என்று அங்கேயே தெரிந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் காணி தப்பும்.

சம்மதப் பத்திரமும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். நரம்பில் வெட்டிய பகுதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அத்தகைய ஒன்றுக்கு விளங்காத மொழியில் கையெழுத்திடும்படி எந்தத் தாயையும் தந்தையையும் கேட்கக் கூடாது. அந்தப் பத்திரத்தில் விறைப்பு திரும்பக்கூடும் என்பதும், பிடிக்கும் வலு சில மாதங்கள் குறையலாம் என்பதும், இரவில் கையை நீட்டித் தாங்கி வைக்கும் ஸ்பிளிண்ட் கட்டுவதும் மாதக்கணக்கான பயிற்சியும் சிகிச்சையின் பகுதிகளே என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்பிளிண்ட் பற்றிப் பேசுகையில், எமது வெயிலில் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் வியர்வையால் தோலை அரித்துப் புண்ணாக்குகிறது என்பதால் பிள்ளைகள் அதைக் கழற்றி எறிகிறார்கள். காற்றுப் புகும் துளைகளும் உள்ளே பருத்தித் துணியும் வைத்துச் செய்து கொடுப்பதற்கு ஒருவரைப் பயிற்றுவித்தால், சத்திரசிகிச்சையின் பலனில் எவ்வளவோ காப்பாற்றப்படும்.

இப்போதே முடிவெடுக்க வேண்டிய நிலையிலுள்ள பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் கை விறைப்பு உயிருக்கு ஆபத்தான அவசரமல்ல. ஒரு சில மாதங்கள் எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் சோதித்து முடிவெடுப்பதால் நட்டம் எதுவும் வராது. சத்திரசிகிச்சை செய்யவிருக்கும் வைத்தியரிடம், நீங்கள் ஐந்து ஆண்டுக்கு முன் செய்த பிள்ளைகள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் அக்கேள்வியால் கோபப்படமாட்டார். எம் பிள்ளைக்கு எதற்காகச் செய்கிறீர்கள், கையைக் கழுவ இலகுவாக்கவா, தோற்றத்துக்காகவா, பிடித்து வேலை செய்யவா என்று கேளுங்கள். மூன்றும் மதிப்புள்ள நோக்கங்களே, ஆனால் ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றைப் பெற்றுக்கொண்டு வருவது பெருந்துயர். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, கை வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, வகுப்பில் மேசைமேல் நேராக வைத்திருக்க முடிந்தால் போதும் என்று சொன்னால், அந்த விருப்பத்தையும் முழு மதிப்போடு ஏற்று நடக்க வேண்டும். பயிற்சியை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதீர்கள். நல்ல கையைச் சில மணி நேரம் துணியால் கட்டிவிட்டு மற்றக் கையை விளையாட்டில் ஈடுபடுத்துவதும், ஒரு கையில் சிரட்டையைப் பிடித்து மறு கையால் மணல் அள்ளிப் போடுவதும் செலவில்லாதவை. ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, நாளாந்தம் போதிய நேரம் செய்யப்படும் இத்தகைய செறிவான பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் குறைந்ததல்ல.

மேலே சொன்ன பதிவேட்டுக்கான மாதிரிப் படிவத்தைத் தமிழில் ஆக்கவும், அதனை நிரப்பும் முறையை இளைய இயன்மருத்துவர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் கற்றுக்கொடுக்கவும், ஓய்வுபெற்ற எங்களில் சிலர் கட்டணம் எதுவுமின்றி முன்வரத் தயாராக இருக்கிறோம். மாகாண சுகாதாரத் துறையினர் ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் படிவத்தோடு வருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்,
உவர்மலை, திருகோணமலை.